பணக்கார நாட்டு விவசாய மானியமும் நம்ம ஊர்ப் பழ விலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், பெஸ்தாரி ஜெயாவில் செம்பனைப் பழம் எடை போடும் ஒரு ரேம்பில் கணக்கு எழுதுகிறேன். ஊரில் பாதிப் பேருக்கு இது இன்னும் பழைய பெயரில் பத்தாங் பெர்ஜுந்தைதான். விலை இறங்கிய வாரங்களில் லோரி வரிசையில் நிற்பவர்கள் என் சன்னல் பக்கம் வந்து கேட்பதெல்லாம் ஒரே மாதிரியாக இருக்கும். ஆறாம் படிவப் பிள்ளைகள் பொருளியல் பாடத்துக்காக வந்து அதையே வேறு விதமாகக் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சலித்துப்போனதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இருக்கின்றன. சுலபமானவை முதலில், சிக்கலானவை பின்னால்.

1. "சப்சிடின்னா பாக்கெட் எண்ணெய்க்குக் கொடுக்கிறாங்களே, அது மாதிரிதானே?"

பாதி சரி. 1 கிலோ பாக்கெட் எண்ணெயை 2 வெள்ளி (ரிங்கிட்) 50 காசுக்கு வாங்குகிறோம், மிச்சத்தை அரசாங்கம் கட்டுகிறது. அது சாப்பிடுகிறவருக்குப் போகும் மானியம். இங்கே பேசப்போவது விளைவிக்கிறவருக்குப் போகும் மானியம்.

அதற்குப் பல வடிவம் உண்டு. ஏக்கருக்கு இவ்வளவு என்று கையில் காசு கொடுப்பது ஒன்று. சந்தை விலை ஒரு மட்டத்துக்குக் கீழே போனால் வித்தியாசத்தை ஈடுகட்டுவது இன்னொன்று. பயிர்க் காப்புறுதிச் சந்தாவில் பெரும் பகுதியை அரசாங்கமே கட்டுவதும் உண்டு. அமெரிக்காவில் அது சராசரியாக 60 விழுக்காட்டுக்கும் மேல். வெளிநாட்டுச் சரக்குக்கு உயர்ந்த வரி போட்டு உள்ளூர் விலையைத் தூக்கி நிறுத்துவதும் மானியம்தான். அதில் கட்டணம் கட்டுவது அரசாங்கக் கஜானா இல்லை, கடையில் வாங்குகிற சனங்கள்.

2. "அவங்கதான் பணக்காரங்களாச்சே, அவங்க விவசாயிக்கு எதுக்கு சப்சிடி?"

தொடங்கிய காரணம் நியாயமானது. 1930களின் பொருளாதார மந்தத்தில் அமெரிக்க விவசாயிகள் நிலத்தை இழந்து தெருவுக்கு வந்தார்கள். 1933இல் விலையைத் தாங்கிப் பிடிக்க அங்கே சட்டம் வந்தது. ஐரோப்பா போரில் பசி என்றால் என்னவென்று பார்த்தது, 1962இல் பொது விவசாயக் கொள்கை என்று ஒன்றைக் கொண்டுவந்தது. இனி சாப்பாட்டுக்கு யாரையும் நம்பி நிற்கக்கூடாது என்பதுதான் எண்ணம்.

பசி போய்விட்டது, மானியம் போகவில்லை. 2021 முதல் 2027 வரைக்கும் ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு ஒதுக்கியது சுமார் 38,700 கோடி யூரோ. அதன் மொத்த வரவு செலவுத் திட்டத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பெரும்பாலும் நிலத்தின் அளவைப் பார்த்துக் கொடுப்பதால் நேரடித் தொகையில் கிட்டத்தட்ட 80 விழுக்காடு 20 விழுக்காட்டுப் பேருக்கே போகிறது. "ஏழை விவசாயியைக் காப்பாற்றுகிறோம்" என்று அங்கே சொல்லும்போது இந்தக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

3. "அவங்க காசு, அவங்க விவசாயிக்குக் கொடுக்கிறாங்க. நமக்கு எப்படி நட்டம் வரும்?"

இந்தப் பட்டியலிலேயே முக்கியமான கேள்வி இதுதான். மற்ற பதில்களில் பாதி இதற்கே திரும்பி வரும்.

நம் ஊரிலேயே பாருங்கள். பழ விலை விழுந்தால் மூன்று ஏக்கர் வைத்திருக்கும் அண்ணன் முதலில் உரத்தை நிறுத்துவார். அப்புறம் வெட்டுச் சுற்றைத் தள்ளிப்போடுவார். உதிரிப் பழம் பொறுக்க ஆள் வைக்க மாட்டார். எல்லா ஊரிலும் இப்படி நடந்தால் கொஞ்ச காலத்தில் சரக்கு குறையும், விலை ஏறும். சந்தை தன்னைச் சரிசெய்துகொள்ளும் வழி அது. வலிக்கும், ஆனால் வலி எல்லாருக்கும் பங்காகும். இப்போது விவசாயிகளில் ஒரு பெரிய கூட்டத்துக்கு, விலை விழுந்தாலும் வருமானம் விழாது என்று அவர்கள் அரசாங்கம் உறுதி கொடுத்துவிட்டது. அவர்கள் ஏன் குறைப்பார்கள்? அதே அளவு நடுவார்கள், சில சமயம் கூடவும் நடுவார்கள். சரக்கு குறையாது, விலை இன்னும் இறங்கும், கூடுதல் நாள் இறங்கியே கிடக்கும். சாமி பல்லக்கைத் தூக்கும்போது ஒரு பக்கத்து ஆட்கள் தோளை எடுத்துவிட்டால் பாரம் எங்கே போகும்? அதுதான் இது.

ஆக நட்டம் அவர்கள் காசு வாங்குவதால் வருவதில்லை. விலை விழும்போது விளைச்சலைக் குறைக்க வேண்டிய வேலை முழுக்க, ஆதரவில்லாத விவசாயி தலையில் விழுவதால் வருகிறது. ஒரு மானியம் கெட்டதா என்று கேட்டால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: விலை விழும்போது அது யாரைக் கணக்கிலிருந்து விடுவிக்கிறது?

4. "எப்பவும் பஞ்சுக் கதையைச் சொல்றீங்களே, அது என்ன?"

எல்லாம் வெளிச்சமாகத் தெரிந்த வழக்கு என்பதால் சொல்கிறேன். 2001-02 பருவத்தில் உலகப் பஞ்சு விலை ராத்தலுக்கு 40 அமெரிக்க சென் அளவுக்கு விழுந்தது. 2002ஆம் ஆண்டு அமெரிக்க விவசாயச் சட்டம் பஞ்சுக்கு நிர்ணயித்த இலக்கு விலை 72.4 சென். சந்தை எங்கே கிடந்தாலும் பலவகைத் தொகைகள் சேர்ந்து அங்கே விவசாயியைத் தாங்கின. அமெரிக்கப் பஞ்சை வாங்கும் ஆலைகளுக்கும் ஏற்றுமதியாளர்களுக்கும்கூடத் தனியாக ஒரு தொகை இருந்தது. அமெரிக்கா உலகின் முதல் வரிசைப் பஞ்சு ஏற்றுமதி நாடு. அதன் பஞ்சு குறையவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் மழையை நம்பி, கையால் பஞ்சு பறிக்கும் குடும்பங்களுக்கு 40 சென் என்றால் 40 சென்தான்.

பெனின், புர்கினா ஃபாசோ, சாட், மாலி நான்கும் 2003இல் உலக வர்த்தக அமைப்பில் பஞ்சை மட்டும் தனியாக எடுத்துப் பேசச் சொல்லிக் கோரிக்கை வைத்தன. நாங்கள் உதவி கேட்கவில்லை, விளையாட்டு விதி எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும் என்பது அவற்றின் நிலை. அந்த ஆண்டு செப்டம்பரில் மெக்சிகோவின் கான்கூனில் நடந்த மாநாடு முறிந்துபோனதற்குப் பஞ்சும் ஒரு காரணம்.

பிரேசில் வேறு வழியில் போனது. 2002இல் வழக்குப் போட்டது, 2005இல் மேல்முறையீட்டிலும் வென்றது. வாங்குபவர்களுக்குக் கொடுத்த தொகையை அமெரிக்கா 2006இல் நிறுத்தியது, மற்றதை இழுத்தடித்தது. பிரேசிலுக்குப் பதிலடி வரி போட அனுமதி கிடைத்த பிறகு அமெரிக்கா என்ன செய்தது தெரியுமா? 2010இல் ஆண்டுக்கு 14 கோடியே 73 லட்சம் டாலர் பிரேசில் பஞ்சுத் துறைக்கே கொடுக்க ஒப்புக்கொண்டது. 2014இல் 30 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்தது. தன் விவசாயிக்கும் மானியம், வழக்குப் போட்டவன் விவசாயிக்கும் காசு. பதிலடி கொடுக்கச் சக்தி இல்லாத மாலிக்கும் பெனினுக்கும் அப்படி ஒரு ஒப்பந்தம் கிடைக்கவில்லை. இந்தக் கதையைச் சொன்னால் ரேம்பில் யாராவது ஒருவர் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

5. "அமெரிக்காவுல செம்பனையே இல்லையே. நம்ம பழ விலைக்கும் அவங்க சப்சிடிக்கும் என்ன சம்பந்தம்?"

அங்கே சோயா இருக்கிறது. ஐரோப்பாவில் கடுகு இனத்து ரேப்சீட் இருக்கிறது. பிஸ்கட் ஆலைக்கும் சவர்க்கார ஆலைக்கும் எண்ணெய் எதுவானாலும் சரி, எது மலிவோ அதை வாங்கும். அதனால் ஒரு எண்ணெயின் விலை இன்னொன்றை இழுக்கும். ஒரு ஹெக்டர் செம்பனை ஆண்டுக்கு மூன்றரை, நான்கு டன் எண்ணெய் கொடுக்கும். சோயா அரை டன்கூடக் கொடுக்காது. வெறும் விளைச்சலில் போட்டி போட்டால் சோயா நம்மிடம் நிற்க முடியாது. ஆனால் அங்கே விவசாயி தனியாக நிற்பதில்லை. 2018இல் வர்த்தகச் சண்டையில் சீனா அமெரிக்கச் சோயாவை வாங்காமல் விட்டபோது 1,200 கோடி டாலர், மறு ஆண்டு 1,600 கோடி டாலர் என்று விவசாயிகளுக்கு உதவி அறிவித்தார்கள். 2025இல் வந்த சட்டம் சோயாவின் ஆதார விலையை ஒரு புஷலுக்கு, அதாவது சுமார் 27 கிலோவுக்கு, 8 டாலர் 40 சென்னிலிருந்து 10 டாலராக உயர்த்தியது.

இதைக் கேட்டுவிட்டு விலை இறங்கிய அன்றெல்லாம் அமெரிக்காவைத் திட்டுவதும் சரியில்லை. சோயாக் கொட்டையில் எண்ணெய் ஐந்தில் ஒரு பங்குதான், மிச்சம் பிண்ணாக்கு. கோழி, பன்றித் தீவனத்துக்காகவே பெரும்பாலும் சோயா நடுகிறார்கள். அதனால் சோயா மானியம் நம் எண்ணெய் விலையைத் தொடுவது சுற்றி வளைத்துத்தான். ரேம்ப் பலகையில் நீங்கள் பார்க்கும் எண் வேறு பல காரணங்களால் ஆடுகிறது: வெள்ளியின் மதிப்பு, இந்தோனேசியாவின் ஏற்றுமதி வரி, இந்தியாவின் இறக்குமதி வரி, நம் ஆலைகளில் தேங்கிய இருப்பு.

உங்கள் பழமும் ஒரு காரணம். பலகையில் 1 விழுக்காடு எண்ணெய்க்கு விலை 44 வெள்ளி என்றும், உங்கள் பழத்துக்கு எண்ணெய் விகிதம் 19 விழுக்காடு என்றும் எழுதினால் பழம் டன்னுக்கு 836 வெள்ளி. காய்க்குலையும் நீளக் காம்பும் கலந்து வந்து அது 17 ஆனால் 748. அந்த 88 வெள்ளிக்கும் வாஷிங்டனுக்கும் சம்பந்தம் இல்லை.

6. "அப்ப ரப்பர்?"

ரப்பருக்கு இந்தப் பிரச்சினை மிகக் குறைவு. பணக்கார நாட்டில் பால் மரம் வளர்க்கும் விவசாயி இல்லை, மானியம் கேட்டுக் கொடி பிடிக்க ஆள் இல்லை. ரப்பரின் போட்டியாளர் பெட்ரோலியத்திலிருந்து செய்யும் செயற்கை ரப்பர். பணக்கார நாட்டு விவசாயிகள் எந்தப் பயிரை நடுகிறார்களோ அதில்தான் தகராறு: பஞ்சு, சீனி, அரிசி, சோளம், பால், எண்ணெய் வித்து.

7. "மலிவா வந்தா நல்லதுதானே? கோதுமை மாவு, பால் பவுடர் எல்லாம் நாம வாங்கித்தானே சாப்பிடுறோம்?"

நல்ல கேள்வி, தேநீர்க்கடையில் ரொட்டி சானாய் போடும் அண்ணன் கேட்டது. நம் நாட்டில் கோதுமை விளையாது. யாரோ காசு போட்டு மாவை மலிவாக்கினால் நமக்கு லாபம்தான். மானியத்தால் எல்லா ஏழை நாட்டுக்கும் கெடுதல் என்று சொல்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். சாப்பாட்டை இறக்குமதி செய்யும் நாடுகளுக்கு, நகரத்தில் கூலி வேலை செய்து அரிசி வாங்குகிறவருக்கு, மலிவு விலை வயிற்றுக்கு நேராக வரும் உதவி.

ஆனால் அந்தச் சரக்கை விளைவிக்கிறவர்களே நாட்டில் பெரும்பான்மை என்றால் கதை வேறு. ஹெய்தி தனக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதியைத் தானே விளைவித்த நாடு. 1990களின் நடுவில், வெளியிலிருந்து வந்த நெருக்கடியில், அரிசி வரியை 3 விழுக்காட்டுக்கு இறக்கியது. மானியம் பெற்ற அமெரிக்க அரிசி உள்ளே வந்தது. உள்ளூர் நெல் விவசாயம் படுத்தது, சனம் நகரச் சேரிகளுக்குப் போனது. 2010 மார்ச்சில் பில் கிளின்டன் அமெரிக்கச் செனட் குழுவின் முன்னால் உட்கார்ந்து, தன் ஆட்சியில் ஆதரித்த அந்தக் கொள்கை தவறு, தன் ஊரான ஆர்கன்சா விவசாயிகளுக்கு வேண்டுமானால் நன்மை செய்திருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார்.

இன்னொன்று: மலிவு நிரந்தரம் இல்லை. 2007-08இல் உலக விலை எகிறியபோது, மலிவை நம்பிச் சொந்த விவசாயத்தை விட்ட நாடுகள்தான் கையைப் பிசைந்தன.

8. "ஆப்பிரிக்காவுல விக்கிற பால் பவுடர்ல நம்ம செம்பனை எண்ணெய் இருக்காமே, நெசமா?"

நெசம். ஐரோப்பாவில் பாலிலிருந்து கொழுப்பை எடுத்து வெண்ணெயாக நல்ல விலைக்கு விற்கிறார்கள். மிஞ்சுவது கொழுப்பு நீக்கிய பால். அதில் செம்பனை எண்ணெயைச் சேர்த்துப் பொடியாக்கி செனகல், மாலி, நைஜீரியா போன்ற நாடுகளுக்கு அனுப்புகிறார்கள். உண்மையான பாலைவிட மலிவு. மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொது வரியில் மொத்தமாக வரும் பால் பொடிக்கு 5 விழுக்காடுதான். மாடு மேய்க்கும் குடும்பம் நடந்து கொண்டுவரும் பால் அந்த விலையோடு நிற்க முடிவதில்லை.

இதற்கு நேரடி ஏற்றுமதி மானியம் இப்போது கிடையாது. ஆனால் ஐரோப்பியப் பால் பண்ணைக்காரர் 2ஆம் கேள்வியில் சொன்ன தொகையை வாங்குகிறார், அதனால் பால் விலை விழுந்த ஆண்டிலும் மாட்டை விற்றுவிட்டுப் போவதில்லை. 2015இல் பால் உற்பத்திக்கு இருந்த உச்சவரம்பை எடுத்த பிறகு விலை விழுந்தது. ஒன்றியமே பால் பொடியை வாங்கிக் கிடங்கில் போட்டது, ஒரு கட்டத்தில் இருப்பு 350,000 டன்னைத் தாண்டியது. வழக்கமாக நாம் மானியத்தால் அடிபடும் பக்கத்தில் நிற்பதாக நினைக்கிறோம். இந்த விஷயத்தில் நம் எண்ணெயே அடிக்கிற பொருளுக்குள் இருக்கிறது.

9. "உலக வர்த்தக அமைப்புன்னு ஒண்ணு இருக்கே, அது சும்மா பார்த்துக்கிட்டா இருக்கு?"

சும்மா இல்லை, ஆனால் கை கட்டியிருக்கிறது. 1995இல் அமைப்பு பிறந்தபோதே விவசாய ஒப்பந்தமும் நடைமுறைக்கு வந்தது. மானியங்களைப் பெட்டிகளாகப் பிரித்தார்கள். விளைச்சலையும் விலையையும் நேரடியாகத் தூண்டுவது மஞ்சள் பெட்டி, அதற்கு உச்சவரம்பு உண்டு. உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் நிபந்தனையோடு கொடுப்பது நீலப் பெட்டி. ஆராய்ச்சி, சுற்றுச்சூழல், விளைச்சலோடு தொடர்பில்லாத வருமான உதவி ஆகியவை பச்சைப் பெட்டி. அதற்கு வரம்பே இல்லை.

கோளாறு எங்கே என்றால், வரம்பை அன்றைக்கு யார் எவ்வளவு கொடுத்துக்கொண்டிருந்தார்களோ அதிலிருந்து கணக்கிட்டார்கள். நிறையக் கொடுத்தவருக்கு நிறைய உரிமை. அமெரிக்காவுக்கு மஞ்சள் பெட்டியில் ஆண்டுக்கு 1,910 கோடி டாலர் வரை இடம் உண்டு, ஐரோப்பாவுக்கு அதைவிடப் பெரியது. அப்போது கொடுக்கக் காசில்லாத வளரும் நாடுகளில் பெரும்பாலானவற்றுக்கு, உற்பத்தி மதிப்பில் 10 விழுக்காடு என்ற பொதுச் சலுகை மட்டும்தான் மிஞ்சியது.

உருப்படியாக நடந்ததும் உண்டு. 2015 டிசம்பரில் நைரோபியில் ஏற்றுமதி மானியத்தை ஒழிக்க முடிவெடுத்தார்கள். பணக்கார நாடுகள் பெரும்பாலான பொருள்களுக்கு உடனே, மற்றவர்களுக்குக் கொஞ்சம் அவகாசம். எண்பதுகளில் ஐரோப்பா வெண்ணெயையும் சீனியையும் கண்ட விலைக்கு வெளியே தள்ளியதைப் பார்த்தவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. மலேசியா 1986லிருந்து, விவசாயப் பொருள் ஏற்றுமதி செய்யும் நாடுகளின் கெய்ர்ன்ஸ் குழுவில் இருந்து இதற்காகப் பேசி வந்திருக்கிறது. 2001இல் தோஹாவில் தொடங்கிய பெரிய பேச்சுவார்த்தைதான் முடியவே இல்லை.

10. "எல்லாத்தையும் பச்சைப் பெட்டிக்கு மாத்திட்டா பிரச்சினை தீர்ந்துச்சா?"

ஆறாம் படிவப் பிள்ளை கேட்டது, மதிப்பெண் கொடுக்க வேண்டிய கேள்வி. ஐரோப்பா அப்படித்தான் பெரும்பகுதியை மாற்றிவிட்டது. "எதை நட்டாலும் நடாவிட்டாலும் ஹெக்டருக்கு இவ்வளவு" என்றால் கூடுதலாக விளைவிக்கத் தூண்டுதல் இல்லை என்பது வாதம். பழைய முறையைவிடக் கட்டாயம் மேல்தான்.

ஆனால் 3ஆம் கேள்விக்குத் திரும்பிப் போங்கள். மாதச் செலவுக்கு உறுதியான காசு வந்துகொண்டிருந்தால் வங்கி சுலபமாகக் கடன் கொடுக்கும். நட்டத்தில் ஓடும் பண்ணையை மூட வேண்டிய அவசரம் இருக்காது. டிராக்டர் மாற்றலாம், இன்னும் இரண்டு பருவம் பொறுத்துப் பார்க்கலாம். சந்தையிலிருந்து விலக வேண்டியவர் விலகாமல் இருக்கிறார். தோள் முழுக்க விலகவில்லை, பாதி விலகியிருக்கிறது.

11. "சீனா, இந்தியா எல்லாம் அள்ளிக் கொடுக்குதே. பணக்கார நாட்டை மட்டும் ஏன் குறை சொல்றீங்க?"

குறை சொல்ல வேண்டியதில்லை, கணக்கைப் பார்த்தால் போதும். பணக்கார நாடுகளின் பொருளாதார அமைப்பான ஓஇசிடி 54 நாடுகளைக் கணக்கெடுத்தது. 2021-23இல் அவை விவசாயத்துக்குக் கொடுத்த மொத்த ஆதரவு சராசரியாக ஆண்டுக்கு 84,200 கோடி டாலர். அதில் சீனா மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். இந்தியா, அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம் ஒவ்வொன்றும் 15 விழுக்காட்டை ஒட்டி. இருபது வருடத்துக்கு முந்தைய படத்தை வைத்துக்கொண்டு இன்றைக்குப் பேசினால் தப்பாகத்தான் போகும்.

இந்தியா சிக்கலான கேஸ். ஒரு கையால் உரத்துக்கும் மின்சாரத்துக்கும் ஆதரவு விலைக்கும் கொடுக்கிறது, நெல்லுக்கு 10 விழுக்காட்டு வரம்பைத் தாண்டியதாக அதுவே அறிவித்திருக்கிறது. மறு கையால், உள்ளூரில் விலை ஏறினால் ஏற்றுமதியை நிறுத்தித் தன் விவசாயிக்குக் கிடைக்க வேண்டிய நல்ல விலையைத் தடுக்கிறது. 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசிக்குத் தடை போட்டபோது என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். செப்டம்பர் 1இல் இங்கே இறக்குமதி அரிசி டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளிக்குப் போனது. 10 கிலோ 26 வெள்ளி என்று கட்டுப்பாட்டு விலை போட்ட உள்ளூர் அரிசியை எல்லாரும் தேடியதில் மளிகைக்கடை அடுக்கு காலியானது. "இறக்குமதி அரிசிதான் இருக்கு, வேணுமா?" என்று கடைக்காரர் கேட்க, மூட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு 5 கிலோ பையோடு போனவர்களை நான் பார்த்தேன்.

12. "நம்ம அரசாங்கமும்தானே கொடுக்குது?"

கொடுக்கிறது. இங்கிருந்து தஞ்சோங் காராங், செகிஞ்சான் பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் வயல். அந்த நெல்லுக்கு உறுதி விலை உண்டு, 2025இல் டன்னுக்கு 1,300 வெள்ளியிலிருந்து 1,500 வெள்ளிக்கு உயர்த்தினார்கள். உரம், விதை உதவியும் உண்டு. ரப்பர் விலை ஒரு மட்டத்துக்குக் கீழே போனால் சிறு தோட்டக்காரருக்கு ஐபிஜி என்ற ஊக்கத்தொகை வரும். 4ஆம் கேள்வியில் அமெரிக்காவின் இலக்கு விலை என்று சொன்னேனே, அமைப்பில் இதுவும் அதேதான்.

வித்தியாசம் அளவிலும் விளைவிலும் இருக்கிறது. நம் நெல் வெளிச்சந்தைக்குப் போவதில்லை. நமக்கே போதவில்லை, அதனால் உலக விலையை இது தள்ளிவிடாது. செம்பனையிலோ ஓட்டம் எதிர்ப்பக்கம்: கச்சா எண்ணெய்க்கு ஏற்றுமதி வரி, விலை உச்சத்தில் இருந்தால் கூடுதல் லாப வரி. சிறு தோட்டக்காரருக்கு மறுநடவு உதவி உண்டு என்றாலும், நாட்டின் பெரிய பயிருக்கு நாம் கொடுப்பதைவிட அதனிடமிருந்து வாங்குவதே அதிகம்.

13. "நாளைக்கே எல்லா சப்சிடியையும் நிறுத்திட்டா ஏழை நாடெல்லாம் எழுந்துடுமா?"

எழாது. சீனிக் கதை இதற்கு நல்ல பாடம். ஐரோப்பா தன் சீனிக்கு உலக விலையைப் போல் மூன்று மடங்கு கொடுத்து வந்தது. பழைய காலனி நாடுகளான மொரிசியஸ், பிஜி, ஜமைக்கா, கயானா முதலியவற்றிடமிருந்தும் ஒப்பந்தப்படி ஒரு அளவை அதே உயர்ந்த விலைக்கு வாங்கியது. பிரேசில், ஆஸ்திரேலியா, தாய்லாந்து மூன்றும் வழக்குப் போட்டு 2005இல் வென்றன. ஐரோப்பா 2006லிருந்து சீனி ஆதரவு விலையை 36 விழுக்காடு குறைத்தது. வழக்குப் போட்டவர்களுக்கு நியாயம் கிடைத்தது. மொரிசியஸிலும் பிஜியிலும், நம்மைப் போலவே கப்பலேறிப் போனவர்கள் பேரப்பிள்ளைகள் கரும்பு வெட்டும் ஊர்களில், வருமானம் விழுந்தது. செயின்ட் கிட்ஸ் 2005லேயே சீனித் தொழிலை மூடிவிட்டது.

ஆக மானியம் போனால் முதலில் லாபம் பார்ப்பது பெரிய நிலமும் துறைமுகமும் வைத்திருக்கும் பிரேசில் போன்ற நாடுகள். பஞ்சு போன்ற சில பயிரில் மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் உண்மையான ஆதாயம் உண்டு. ரோடு, ஆலை, கடன் வசதி இல்லாத இடத்துக்கு விலை மட்டும் ஏறிப் பெரிதாக ஒன்றும் ஆகாது.

வரிச் சுவரையும் மறக்கக்கூடாது. கோக்கோக் கொட்டைக்கு ஐரோப்பாவில் வரி இல்லை, ஒப்பந்தச் சலுகை இல்லாத நாடு அதைச் சாக்லேட்டாக்கி அனுப்பினால் உண்டு. பச்சையாக அனுப்பு, பதப்படுத்துவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பது அர்த்தம். பணக்கார நாடு மட்டும் செய்வதில்லை: இந்தியா 2025 மே மாத இறுதியில் கச்சா சமையல் எண்ணெயின் அடிப்படை வரியை 10 விழுக்காடாகக் குறைத்தது, சுத்திகரித்ததற்கு 32.5 விழுக்காட்டை அப்படியே விட்டது. அங்குள்ள ஆலைகளுக்குக் கொண்டாட்டம், இங்குள்ள சுத்திகரிப்பு ஆலைகளுக்குத் தலைவலி.

14. "காட்டைக் காப்பாத்துறேன்னு ஐரோப்பா நம்ம எண்ணெயைத் தடுக்குதே, அதுவும் சப்சிடிதானா?"

மானியம் இல்லை, ஆனால் பக்கத்து வீடு. 2010களில் ஐரோப்பாவுக்குப் போன செம்பனை எண்ணெயில் ஏறக்குறைய பாதி டீசலாக எரிந்தது, காரணம் பசுமை எரிபொருளுக்கு அவர்களே கொடுத்த ஊக்கம். அந்த ஊக்கம் எண்ணெய் விலையைத் தாங்கியது, நமக்கு நன்மை. சமையல் எண்ணெய் வாங்கும் ஏழைக்குக் கெடுதல். பிறகு காடழிப்பு அபாயம் என்று சொல்லி செம்பனையை மட்டும் 2030க்குள் பசுமை எரிபொருள் கணக்கிலிருந்து நீக்க முடிவெடுத்தார்கள். ரேப்சீட் கணக்கில் இருக்கிறது. அதை நடுவது ஐரோப்பிய விவசாயி.

மலேசியா உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டது. 2024 மார்ச்சில் வந்த தீர்ப்பு இரண்டு பக்கமும் பேசியது: சுற்றுச்சூழல் நோக்கத்துக்காக இப்படி விதி போட ஐரோப்பாவுக்கு உரிமை உண்டு, ஆனால் அதைத் தயாரித்த விதத்திலும் நடைமுறைப்படுத்திய விதத்திலும் குறையும் பாரபட்சமும் இருந்தது. நம் பக்கம் முழுக்க நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன், காடு அழிந்தது உண்மை. 1917இல் இந்த வட்டாரத்துத் தென்னமாரம் தோட்டத்தில் நாட்டின் முதல் வணிகச் செம்பனையை நட்ட இடமும் ஒரு காலத்தில் காடுதான்.

15. "இதெல்லாம் சரி. ரெண்டு ஏக்கர் வெச்சிருக்கிற நான் என்ன செய்றது?"

ஜெனிவாவில் உலக வர்த்தக அமைப்பில் நடப்பதை நீங்கள் மாற்ற முடியாது. கையில் இருப்பதைச் சொல்கிறேன். எம்பிஓபி (மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம்) கொடுக்கும் உரிமம் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது இல்லாமல் பழம் விற்க முடியாது. சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் விளைவித்த செம்பனை என்று காட்டும் எம்எஸ்பிஓ சான்றிதழ் 2020லிருந்து கட்டாயம். தனியாக எடுக்க வேண்டியதில்லை, எம்பிஓபி சிறு தோட்டக்காரர்களைக் குழுவாகச் சேர்த்துச் செய்துகொடுக்கிறது. நிலப் பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே கிடந்தால் மாற்றிவிடுங்கள். ஐரோப்பாவின் காடழிப்புச் சட்டம் இரண்டு முறை தள்ளிப்போயிருக்கிறது, ஆனால் நடைமுறைக்கு வரும்போது பழம் எந்த நிலத்திலிருந்து வந்தது என்று ஆலை கேட்கும். அப்போது காகிதம் இல்லாதவர் பழத்தைத்தான் முதலில் ஒதுக்குவார்கள்.

குழுவில் சேர்ந்தவர்கள் உரத்தையும் சேர்ந்து வாங்கலாம். விலை விழுந்த மாதத்தில் உரத்தை அடியோடு நிறுத்தாமல் பாதியாவது போடுங்கள். இன்று நிறுத்தியதன் விளைவு மரத்தில் தெரிய ஒன்றரை, இரண்டு வருடம் ஆகும். அதற்குள் விலை ஏறியிருந்தால் வெட்டுவதற்குக் குலை இருக்காது.